வாடகை வீட்டில் எலி: பொறி வைக்கும் முன் ஓட்டையைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தருமபுரியில் பென்னாகரம் ரோடு பக்கம் ஒரு பழைய வீட்டின் பின் போர்ஷனில் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கிறோம். சமையலறைக்கு மட்டும் ஓட்டுக் கூரை, மற்றதெல்லாம் தளம் போட்டது. குடிவந்த மாதத்திலிருந்தே எலி. கூண்டு வைத்து இதுவரை 11 பிடித்துவிட்டோம், இன்னமும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகு மூட்டையில் ஓட்டை, பையனின் ஸ்கூல் பையில் ஓட்டை, போன வாரம் கேஸ் ட்யூபிலும் பல் பட்டிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "எலி இல்லாத வீடு எந்த ஊர்லம்மா இருக்கு, ஒரு பூனைய வளர்த்துக்கோங்க" என்கிறார். பக்கத்து போர்ஷன் அக்கா, தக்காளியில் எலி பேஸ்ட் தடவி வைக்கச் சொல்கிறார். கணவர் ஒட்டும் அட்டை வாங்கி வந்து வைத்ததில் ஒரு அணில் குட்டி மாட்டிக்கொண்டது, சின்னவள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. 4 வயதிலும் 7 வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். காலி செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?
(ஒரு வாசகி, தருமபுரி)

பதில்: உண்டு. காலி செய்துவிட்டுப் போகும் வீட்டிலும் இதே கதை காத்திருக்கலாம், அதனால் இந்த வீட்டிலேயே சரி செய்து பார்ப்போம். ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அந்த கேஸ் ட்யூப். பல் பட்ட ட்யூபை டேப் சுற்றி ஓட்டாதீர்கள், இன்றே மாற்றுங்கள். ஏஜென்சியில் சுரக்ஷா ட்யூப் என்று கேட்டால் தருவார்கள். ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி பின்னியிருக்கும், சாதாரண ரப்பர் ட்யூபைப் போல எலிப் பல்லுக்கு லேசில் மசியாது. அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புதிது போட்ட பிறகு சோப்புத் தண்ணீரை இரண்டு முனையிலும் தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிகிறது என்று அர்த்தம். ராத்திரி படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்கு போன் செய்யுங்கள்.

இரண்டு, பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அந்த அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் காலங்காலமாக விற்ற அந்த எலி பேஸ்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது, யாராவது கடையில் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்கு முறிவு மருந்து கிடையாது. அதைவிடப் பயங்கரம், உள்ளே போன முதல் ஒன்றிரண்டு நாள் ஆள் சாதாரணமாகத்தான் தெரிவார், ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். நான்கு வயதுக் குழந்தை கண்ணுக்குத் தக்காளி தக்காளியாகத்தான் தெரியும். ஏற்கெனவே வீட்டில் வாங்கி வைத்திருந்தால் குழந்தைக்கு எட்டாமல் எடுத்து அப்புறப்படுத்துங்கள். எங்கேயாவது எப்போதாவது ஒரு குழந்தை எந்த எலி மருந்தையும் தொட்டு வாயில் வைத்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல், மருந்து அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த மருந்து என்பது தெரிந்தால்தான் டாக்டர் சரியாகப் பார்க்க முடியும். எலி கேக் என்று விற்கும் புரோமடியோலோன் வகைக்கு வைட்டமின் கே1 முறிவாக வேலை செய்யும், பேஸ்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆள் வைத்து மருந்து வைத்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், வீட்டுக்குள் எலி மருந்து வைத்திருக்க, அறையைச் சாத்தி ஏ.சி. போட்டுத் தூங்கிய ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, குழந்தை இருக்கும் வீட்டுக்கு மருந்து என்ற பேச்சையே நான் எடுப்பதில்லை. செத்த எலி பரணில் எங்கேயோ கிடந்து ஒரு வாரம் நாறுவது அதற்கடுத்த தொல்லை.

சரி, இப்போது எலிக்கு வருவோம்.

11 பிடித்தும் தீரவில்லை என்கிறீர்கள். தீராது. சுண்டெலி கருவுற்று மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும், அந்தக் குட்டிகள் ஆறேழு வாரத்தில் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். எட்டு மாதத்தில் 11 என்பது அவை பெருகும் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. வழி திறந்து கிடக்கும்வரை நீங்கள் பிடிப்பதும் அவை வருவதும் நடந்துகொண்டேயிருக்கும். அந்த வழியை மூடினால்தான் பொறிக்கே அர்த்தம் வரும்.

எந்த எலி என்று முதலில் பாருங்கள். புழுக்கை சீரகத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக, இரண்டு முனையும் கூராக, அரிசி மணி அளவுக்குள் இருந்தால் சுண்டெலி. காராமணி அளவில் இருந்தால் பெரிய எலி, ஓட்டின் மேல் ஓடுவது அதுதான். உங்கள் வீட்டில் கூண்டில் விழுந்ததெல்லாம் எந்த அளவு என்று நீங்கள் எழுதவில்லை, ஸ்கூல் பையில் இருந்த ஓட்டை ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் சுண்டெலியாகத்தான் இருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், சுண்டெலி தன் கூட்டிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் போவது அபூர்வம். அதாவது தெருக்கோடியிலிருந்து வரவில்லை. உங்கள் வீட்டிலோ, உங்களோடு சுவர் பகிரும் போர்ஷனிலோ, அந்த ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலோதான் குடியிருக்கிறது.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஆறு வருடம் வாடகை வீட்டில் இருந்தவன். அங்கே முதல் வருடம் 23 பிடித்தோம், ஒவ்வொன்றுக்கும் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்ததால் கணக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியில் என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது ஒரு வேலை செய்தார். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வைத்தபின், கோலமாவை எடுத்துச் சமையலறைச் சுவரை ஒட்டி நான்கு விரல் அகலத்துக்கு மெல்லிசாகத் தூவிவிட்டார், வாசற்படி, சிங்க் அடியில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், எல்லா இடத்திலும். காலையில் ஐந்து மணிக்கு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்துப் பார்த்தோம். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது, தரையோடு சாய்த்து அடிக்க வேண்டும். மாவில் பொட்டுப் பொட்டாகக் கால் தடம், முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து, நடுவில் வால் இழுத்த கோடு. அது நேராக சிங்க் அடியில் போய், கழிவுநீர் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் மறைந்தது. குழாயைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம், பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தது. விரலால் தள்ளினேன், வளையம் நகர்ந்தது, பின்னால் என் மூன்று விரல் போகும் அளவுக்குப் பள்ளம், அந்தப் பக்கத்துக் காற்று விரலில் பட்டது. ஒரு வருடமாக 23 எலி அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது, நாங்கள் தினமும் அதற்கு ஒரு முழம் மேலே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம்.

நீங்களும் இதைச் செய்யுங்கள், இரண்டு ராத்திரி போதும். சின்னவள் கையில் படாமல் இருக்க, காலையில் அவள் எழுந்திருக்கும் முன் பெருக்கிவிடுங்கள். ஒரு ஓட்டையில் சந்தேகமிருந்தால் செய்தித்தாளைக் கசக்கி லேசாகத் திணித்து வையுங்கள். காலையில் வெளியே தள்ளியிருந்தால் அது நடமாட்டம் உள்ள வழி. அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு பென்சில் நுழையும் இடுக்கில் சுண்டெலி நுழைந்துவிடும், தலை போனால் உடம்பு போய்விடும். உங்கள் மாதிரி வீட்டில் நான் முதலில் பார்க்கும் இடம் ஓட்டின் கடைசி வரிசை சுவரில் உட்காரும் இடம். பழைய ஓட்டு வீட்டில் ரீப்பர் கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் பூசிய மண் உதிர்ந்து வரிசையாகப் பொந்து விழுந்திருக்கும். ஓட்டுக் கூரையும் தளமும் சேரும் மூலையும் அப்படித்தான். அப்புறம் சிங்க் குழாய், கேஸ் ட்யூபுக்காகச் சுவரிலோ மேடையிலோ போட்ட துளை, மீட்டரிலிருந்து ஒயர் உள்ளே வரும் குழாய், குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் மூடி உடைந்திருக்கிறதா, பின்கதவின் அடியில் எவ்வளவு இடைவெளி. பின்கதவு மழையில் ஊறி அடிப்பக்கம் உளுத்துப்போயிருக்கும், அங்கே கடித்தே வழி பண்ணியிருக்கும்.

அடைப்பதில் ஒரு விஷயம். துணி, தெர்மாகோல், காகிதம், ஸ்பாஞ்ச் எதுவும் நிற்காது, ஒரே ராத்திரியில் கொறித்துத் தள்ளிவிடும், சொல்லப்போனால் கூடு கட்ட நீங்களே பஞ்சு கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெறும் சிமெண்டும் காய்வதற்குள் பறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் கம்பி நார் இருக்கிறதே, துருப்பிடிக்காத வகை, அதை இறுக்கித் திணித்து, அதற்கு மேல் சிமெண்ட் பூசுங்கள். குழாயைச் சுற்றி என்றால் கம்பி நார் திணித்து மேலே எம்-சீல் அப்பலாம், அரை மணி நேர வேலை. ஓட்டுப் பக்கத்துக்குக் கால் அங்குலத்துக்கும் சின்னக் கண் உள்ள கம்பி வலையை மடித்துச் செருகிக் கலவை பூச வேண்டும், இது கொத்தனார் வேலை, அரை நாள் பிடிக்கும். கதவடிக்குத் தகரப் பட்டையோ அலுமினியப் பட்டையோ அடியுங்கள். கிராமத்தில் கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் கலந்து அடைப்பார்கள், அது எலிக்கு நல்ல தடைதான், ஆனால் குழந்தை கை எட்டும் உயரத்தில் செய்ய வேண்டாம்.

அடைக்கிற அதே நாளில் உள்ளே மாட்டிக்கொண்டவற்றைப் பிடிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்: ஒரே ஒரு கூண்டு, அதுவும் அறையின் நடுவில். எலி நடுவீட்டில் நடப்பதில்லை, மீசை சுவரில் உரசிக்கொண்டே ஓரமாகப் போகும். ஐந்தாறு பொறியை ஒரே ராத்திரியில், கோலமாவில் தடம் விழுந்த ஓரங்களில், ஏழெட்டு அடிக்கு ஒன்றாக வையுங்கள். மரப்பலகைப் பொறி என்றால் தீனி வைக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வைக்க வேண்டும், குழந்தைகள் தூங்கிய பிறகு வைத்து, எழுவதற்குள் எடுத்துவிடுங்கள். தீனி கொஞ்சமாக, பட்டாணி அளவுக்கு. வறுத்த நிலக்கடலையோ, தீயில் வாட்டிய தேங்காய்ச் சில்லோ, கருவாட்டுத் துண்டோ, எதுவானாலும் நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பொறி விழாமலே நைசாக எடுத்துக்கொண்டு போய்விடும். சுண்டெலி புதுப் பொருளைக் கண்டால் வந்து மோந்து பார்க்கும், முதல் ராத்திரியே விழும். பெரிய எலி அப்படியில்லை, புதிதாக ஒன்றைக் கண்டால் நாலைந்து நாள் கிட்டவே வராது. அதற்குப் பொறியை விசை ஏற்றாமல் தீனி மட்டும் வைத்துச் சில நாள் பழக்கிவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள்.

கூண்டில் விழுந்ததை அடுத்த தெருவில் விடுவது வழக்கம். அது இன்னொரு வீட்டுக்குள் போகும், அங்கேயும் குழந்தை இருக்கும். தண்ணீர் வாளியில் முக்கிச் சாகடிப்பது எனக்குப் பார்க்கச் சகிக்காத வேலை. கொல்லத்தான் வேண்டும் என்றால் ஒரே அடியில் முடியும் பலகைப் பொறி அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஒட்டும் அட்டையை இனி வாங்காதீர்கள். மாட்டியது மணிக்கணக்கில் துடித்துச் சாகும், பல்லியும் மூஞ்சூறும் உங்கள் வீட்டு அணில் குட்டியும் சேர்ந்து மாட்டும். அதைத் தடுக்கச் சொல்லி இந்திய விலங்கு நல வாரியமே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இன்னொரு முறை ஏதாவது ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்த்தால் பசை இளகும், மெதுவாக விடுவித்துவிடலாம்.

சாப்பாட்டு விஷயம் உங்களுக்கே தெரியும், ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம் தீனி போதும். அடுப்படியில் சிந்திய நாலு பருப்பே அதற்குச் சாப்பாடு. நம் பக்கத்தில் ஊரிலிருந்து வருடத்துக்கான கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை, புளி எல்லாம் மூட்டையாக வரும், வாடகை வீட்டில் வைக்க இடமில்லாமல் பரணிலோ கட்டிலடியிலோ தள்ளிவிடுவோம். சாக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் எலிப் பல்லுக்கு ஒன்றுதான். மூடி இறுக்கமான தகர டின்னோ ஸ்டீல் டிரம்மோ வாங்கிவிடுங்கள். வாங்க முடியாவிட்டால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்து, மற்றதை ஊரிலேயே வையுங்கள். அறுவடை முடிந்து வயல் காலியாகும்போதும், மழை பிடிக்கும்போதும் எலி வீட்டுப் பக்கம் வரும், அடைக்கும் வேலையை அதற்கு முன் முடிப்பது நல்லது.

பூனை இருந்தால் நடமாட்டம் குறையும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டிடுக்கில் குட்டி போட்டிருப்பதைப் பூனை என்ன செய்யும்? பிளக்கில் மாட்டும் ஒலி மிஷின் எல்லாம் பணத்துக்குக் கேடு, நாலு நாளில் எலி பழகிக்கொள்ளும். புதினா எண்ணெய், வெங்காயம் எல்லாம் வாடை இருக்கும்வரைதான். பாச்சை உருண்டையைத் தூவ வேண்டாம், சின்னக் குழந்தை வாயில் போட்டால் ஆபத்து.

இனி வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் 2017-ல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் எதைப் பராமரிக்க வேண்டும், குடியிருப்பவர் எதைப் பராமரிக்க வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. எலிக்கென்று தனி வரி கிடையாது. ஆனால் கட்டடத்தின் பழுது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் தலையில் வருகிறது. சாக்கடை அடைப்பு எடுப்பது, ஸ்விட்ச், தாழ்ப்பாள், ஜன்னலின் கொசுவலை மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் பூச்சு உதிர்ந்திருப்பது கட்டடப் பழுது, உங்கள் தப்பு இல்லை. இதை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, எட்டு மாதம் ஒரே வளாகத்தில் முகம் பார்த்து இருக்கிறீர்கள். "எலி வருது" என்று சொன்னால் அவர் பூனையைச் சொல்வார். "அண்ணே, இந்த ஆறு இடத்துல ஓட்டை இருக்கு, இதோ போட்டோ, கொத்தனாருக்கு அரை நாள் வேலை, சிமெண்டும் ஆளும் நீங்க பாருங்க, வலையும் பட்டையும் நான் வாங்கிக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேஸ் ட்யூபில் பல் பட்டதையும் காட்டுங்கள், நெருப்புப் பிடித்தால் எரிவது அவர் வீடும்தான். நேரில் பேசியதை அன்றே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வைத்துவிடுங்கள், பின்னால் யாருக்கும் மறக்காது. ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் அதையும் இந்தச் சாக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து போர்ஷன் அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, ஒரே சுவர், நீங்கள் மட்டும் அடைத்தால் அவர் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வேறு வழி தேடி வரும். இரண்டு வீடும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

கேள்வி: அரிசி மூட்டையில் எலிப் புழுக்கை இருந்தது. கழுவிவிட்டுச் சமைக்கலாமா? எலிக்காய்ச்சல் வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
(ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: பொட்டுக்கடலை, பிஸ்கட், வறுத்த மாவு, பழம் மாதிரி அப்படியே சாப்பிடும் எதிலாவது எலி வாய் வைத்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அரிசியில் ஓட்டை விழுந்த பக்கத்தை, புழுக்கை தெரியும் இடத்தைச் சுற்றித் தாராளமாக அள்ளிக் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சலித்து வெயிலில் காயவைத்து, நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடலாம். மூத்திர வாடை மூட்டை முழுக்க அடித்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மொத்தத்தையும் விட்டுவிடுங்கள்.

எலிக்காய்ச்சல் பொய்ப் பயம் இல்லை. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலி மூத்திரத்தில் வெளியாகி, ஈரத்தில் உயிரோடு இருந்து, கை கால் காயம் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகிறது. அதனால் சாப்பாட்டைவிடத் தேங்கிய தண்ணீரிலும் எலி நடமாடிய ஈரத் தரையிலும் வெறுங்காலோடு நடப்பதில்தான் அதிக ஆபத்து. காய்ச்சலோடு ஆடுசதையில் கடும் வலி, கண் சிவப்பது, தலைவலி இருந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டில் எலி இருக்கிறது என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். கண் மஞ்சளாகும்வரை விடக் கூடாது.

புழுக்கையைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொண்டு காகிதத்தால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: எங்கள் வாடகை வீட்டில் நீள மூக்கோடு ஒன்று கீச் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுகிறது, ஒரு மாதிரி நாற்றம். பிள்ளையார் வாகனம், அடிக்கக் கூடாது என்கிறார் மாமியார்.
(ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்)

பதில்: மாமியார் சொல்வதைக் கேளுங்கள். அது மூஞ்சூறு, எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சி, புழு தின்று வாழ்வது. ஒயரையும் துணியையும் கொறிக்காது. கண் பார்வை மந்தம், அதனால்தான் சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. கதவைத் திறந்துவைத்து, துடைப்பத்தை ஓரமாகக் காட்டினால் அதே சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். அது அடிக்கடி வருகிறது என்றால் வீட்டில் கரப்பான் நிறைய இருக்கிறது என்று அர்த்தம், சிங்க் அடியைப் பாருங்கள்.

கேள்வி: நான் வீட்டுக்காரன். கிருஷ்ணகிரியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். கீழ் வீட்டில் இருப்பவர்கள் குப்பையை வாசலிலேயே வைக்கிறார்கள், மீந்த சோற்றை ராத்திரி நாய்க்கென்று கொட்டுகிறார்கள், எலி வந்துவிட்டது. இப்போது என்னைச் செலவு செய்யச் சொல்கிறார்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாமா?
(ஒரு வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: சோறு கொட்டுவதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதைத் தெளிவாக, எழுத்திலும் சொல்லுங்கள். நாய்க்குப் போடுவது நல்ல காரியம், ஆனால் சாயங்காலமே தட்டில் போட்டு, தின்றதும் தட்டைக் கழுவி எடுத்துவிட வேண்டும். குப்பைக்கு மூடி போட்ட வாளி ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை, அதற்கப்புறம் வாசலில் வைக்க அவர்களுக்குச் சாக்கு இருக்காது.

அட்வான்ஸில் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் உடைத்ததற்கு, கெடுத்ததற்குப் பிடிக்கலாம். எலி நுழைந்தது உங்கள் சுவரில் ஏற்கெனவே இருந்த ஓட்டை வழியாக. குப்பை எலியை வாசல்வரை கூட்டி வந்திருக்கும், உள்ளே விட்டது அந்த ஓட்டை. நீங்கள் ஒரு கொத்தனாரை அழைத்து அதை அடைத்தால், இவர்கள் போய் அடுத்து யார் வந்தாலும் அந்த வேலை நிற்கும்.

வீடு காலியாக இருக்கும் நாட்கள்தான் இதற்குத் தோதான நேரம். வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முந்தின நாள் மதியம், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, இருட்டில் உள்ளே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வெளிச்சம் ஊசியாக எங்கெங்கே உள்ளே வருகிறது என்று தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள், குழாய் நுழையும் இடங்களை விரலால் தள்ளிப் பார்த்து அவற்றுக்கும் போடுங்கள். கொத்தனார் வந்து வட்டத்தை எண்ணிக்கொண்டே அடைத்துவிட்டுப் போவார், அதற்கு மேல் வெள்ளையடித்துக்கொள்ளலாம்.